புது வேலையில் சேரும் முன்பே லீவு கேட்கலாமா?

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இப்போது சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் தேர்வாகியிருக்கிறேன். ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள் சம்மதம் தெரிவித்து, ஆகஸ்ட் 1 அன்று சேர வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் என் அண்ணனுக்குக் கல்யாணம். நான் ஒரே தங்கை. நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டும். ஆனால் ஆறு மாதம் புரொபேஷன், அதுவரை விடுப்பு கிடையாது என்று ஆஃபர் லெட்டரில் இருக்கிறது. இப்போதே சொன்னால் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று அம்மா பயப்படுகிறார். அதே அம்மா, பத்து நாளாவது வீட்டில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். ‘சேர்ந்த பிறகு காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போய் வா’ என்கிறாள் தோழி. யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?
— தென்காசி மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

இப்போதே சொல்லுங்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்த வாரத்திலேயே, எழுத்தில் சொல்லுங்கள். கேட்பது ஐந்து நாளாக இருக்கட்டும். சம்பளம் இல்லாத விடுப்பாகக் கேளுங்கள்.

நான் 26 ஆண்டுகள் மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள். அதில் 11 ஆண்டுகள் வார்டு இன்சார்ஜாகவும் பிறகு நர்சிங் சூப்பரின்டெண்டென்டாகவும் டூட்டி சார்ட், அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை, போட்டிருக்கிறேன். உங்களைப் போல் லீவு கேட்டு வந்து நின்ற பெண்களின் முகங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. கேட்கத் தயங்கி, கடைசி வாரத்தில் அழுதுகொண்டு வந்து நின்றவர்கள்தான் அவர்களில் அதிகம். அதனால் உங்கள் கேள்வி எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் அம்மாவின் பயம். எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடித்து உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு ஐ.சி.யூ. அனுபவம் உள்ள நர்ஸ் இன்று எளிதில் கிடைப்பதில்லை. வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பெண்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு கேட்டார் என்பதற்காக உங்களை விட்டுவிட்டு, முதலிலிருந்து ஆள் தேட எந்தப் பெரிய மருத்துவமனையும் விரும்பாது. அரிதாகச் சிறிய இடங்களில் முகம் சுளிப்பார்கள்; இல்லையென்று சொல்லவில்லை. அப்படி ஒரு பதில் வந்தால், மதுரை வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் பெட்டியை இறக்கிய பிறகு வருவதைவிட இப்போது வருவது உங்களுக்கு நல்லது.

எப்போது சொல்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதல் நேர்முகத் தேர்விலேயே சொன்னால், உங்கள் திறமையைப் பார்ப்பதற்கு முன்பே லீவு பேச்சு வந்துவிடும். சேர்ந்து மூன்று வாரம் கழித்துச் சொன்னால், சார்ட் போட்டாகிவிட்டது என்பார்கள். அவர்கள் உங்களை வேண்டும் என்று சொல்லிவிட்டு, உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் இந்த ஒரு வாரம்தான் சரியான நேரம். இன்று கேட்டால், சேருவதற்கு முன் பேசி முடிவுசெய்யும் பல விஷயங்களில் இதுவும் ஒன்று. சம்பளம், ஹாஸ்டல், எந்த ஐ.சி.யூ. என்பவற்றோடு சேர்ந்து இதுவும் பேசப்படும்.

பிரிட்டனில் வேலை பார்க்கும் என் மாணவிகள் ஒன்று சொல்வார்கள். அங்கே ஏற்கெனவே திட்டமிட்ட விடுமுறை ஏதும் உண்டா என்று வேலைக்கு எடுப்பவர்களே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்களாம். நம் ஊரில் யாரும் கேட்பதில்லை என்பதால், நாமாகச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அது சரியல்ல.

இனி தோழி சொன்ன காய்ச்சல் யோசனை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் சார்ட்டை நான் பென்சிலில்தான் போடுவேன். நீளமான தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, இடது பக்கம் பெயர்கள், மேலே தேதிகள். காலை டூட்டிக்கு ஓர் எழுத்து, மதியத்துக்கு ஓர் எழுத்து, நைட் டூட்டி மட்டும் சிவப்பு மையில். ஒவ்வொரு நெடுவரிசையையும் விரலால் மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வருவேன். எங்கேயாவது ஓர் ஆள் குறைந்தால், அழிப்பானால் அழித்து வேறு ஒருவருடைய ஆஃபை எடுத்து அங்கே வைக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் இருப்பது எழுத்துதான். ஆனால் அழிக்கும்போது ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை போகிறது.

ஒரு முறை புதிதாகச் சேர்ந்த ஒரு சிஸ்டர், காலை டூட்டிக்கு வர வேண்டியவர், ஏழு மணிக்குப் போன் செய்து காய்ச்சல் என்றார். இரவு முழுதும் ஐ.சி.யூ.வில் நின்ற சிஸ்டரை வீட்டுக்கு அனுப்ப ஆள் இல்லை. மதியம் இரண்டு மணி வரை அவரே நின்றார். அவருக்கு வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. பதினொரு மணி வாக்கில் மருந்து டிராலி அருகே நின்றவர் யூனிஃபார்மின் முன்பக்கத்தைக் கோப்பால் மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பால் கட்டி நனைந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, காய்ச்சல் என்று சொன்னவரின் பட்டுப்புடவைப் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. யாரோ வார்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. சித்தி மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கப் பயந்திருக்கிறாள், அவ்வளவுதான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் பென்சிலால் இரண்டு கட்டங்களை மாற்றியிருப்பேன். அதற்குப் பிறகு அவருக்கு உண்மையிலேயே டைபாய்டு வந்தபோது யாரும் நம்பவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம். ஐ.சி.யூ.வில் நாம் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பித்தான் ஹேண்டோவர் எடுக்கிறோம், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் பொறுப்பை ஏற்கிறோம். ‘மருந்து கொடுத்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். முதல் மாதத்திலேயே அந்த நம்பிக்கையை இழக்காதீர்கள். தோழி உங்கள் நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் இந்த ஒன்றில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

லீவு கேட்பது குற்றம் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளி அருகே எப்போதும் ஒரு நர்ஸ் இருக்க வேண்டுமானால், எட்டு மணி நேர ஷிஃப்ட் வைத்தால் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் வாரத்துக்கு ஆறு ஷிஃப்ட் பார்க்கிறார். அப்படியானால் யாருமே லீவு எடுக்காவிட்டாலும் அந்த ஓர் இடத்துக்கு மூன்றரை ஆள் வேண்டும். இதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் பணியாளர் விதிமுறையே சொல்கிறது. நர்ஸ் என்றால் அவருக்கும் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், பிள்ளைப்பேறு வரும் என்று தெரிந்து போட்ட கணக்கு அது. அந்த எண்ணிக்கையில் ஆள் வைக்காமல் ஓட்டும் மருத்துவமனைகள் நிறைய. அந்தக் குறையை உங்கள் மனச்சாட்சியின் மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

2016 ஜனவரியில் தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலையை ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விடுப்பு, பணி நேரம் போன்றவை மாநில அரசு நர்ஸ்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இது உங்கள் மனத் தெம்புக்காகச் சொல்வது. அது பரிந்துரை மட்டுமே என்பதால், ஹெச்.ஆர். மேசையில் இதை எடுத்து வீசாதீர்கள்; ஐந்து நாள் லீவுக்கு அது தேவையும் இல்லை.

பத்து நாள் கேட்கலாமா என்றால், வேண்டாம். அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து மறுவீடு வரை பெண்ணொருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது இயல்புதான். ஆனால் புது இடத்தில் முதல் இரண்டு மாதம்தான் உங்களுக்கு இன்னொரு மூத்த நர்ஸைத் துணைக்குக் கொடுத்து, அந்த ஐ.சி.யூ.வின் மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், அவர்களுடைய எமர்ஜென்சி நடைமுறை எல்லாவற்றையும் பழக்குவார்கள். அதில் பத்து நாள் போனால் இழப்பு உங்களுக்குத்தான். கல்யாணத்துக்கு முதல் நாள், முகூர்த்த நாள், மறுநாள், போக ஒரு நாள், வர ஒரு நாள். இதற்கு ஐந்து நாள் போதும்.

அந்த ஐந்திலும் முழுவதும் லீவாகப் போக வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வாரம் நைட் டூட்டி போடும்படி கேளுங்கள். பல இடங்களில் நைட் வரிசை முடிந்ததும் நைட் ஆஃப் உண்டு. அதோடு அந்த வாரத்து ஆஃபையும் சேர்த்தால் இரண்டு நாள் அங்கேயே கிடைத்துவிடும். மூன்று நாள் சம்பளம் மட்டும்தான் பிடிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் தானாக நைட் டூட்டி கேட்டால் இன்சார்ஜ் மகிழ்ச்சியோடு போடுவார். நானும் போட்டிருக்கிறேன்.

யாரிடம் கேட்பது? ஆஃபர் லெட்டர் அனுப்பிய ஹெச்.ஆர். அலுவலருக்கு மின்னஞ்சல், நர்சிங் சூப்பரின்டெண்டென்டுக்கு அதன் நகல். முதலில் போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். சாரம் இப்படி இருக்கட்டும். தேதிகளை உங்கள் முகூர்த்தத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“ஆஃபர் லெட்டர் கிடைத்தது, நன்றி. ஆகஸ்ட் 1 அன்று பணியில் சேர விரும்புகிறேன். அதற்கு முன் ஒரு விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். என் அண்ணனின் திருமணம் ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்டுவிட்டது. அதற்காக செப்டம்பர் 3 முதல் 7 வரை ஐந்து நாள்கள் எனக்கு விடுப்பு தேவை. புரொபேஷன் காலத்தில் விடுப்பு இல்லை என்பதை அறிவேன். அதனால் இதைச் சம்பளமில்லா விடுப்பாகக் கேட்கிறேன். முந்தைய வாரம் நைட் டூட்டி பார்க்கத் தயாராக இருக்கிறேன். செப்டம்பர் 8 காலை பணிக்கு வந்துவிடுவேன். இதை உறுதிசெய்து பதில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வளவு போதும். காரணம் ஒரு வரியில் இருக்கட்டும். நாத்தனார் முடிச்சைப் பற்றியெல்லாம் அதில் எழுத வேண்டாம். போனில் அந்த சூப்பரின்டெண்டென்ட் தமிழ்ப் பெண்மணியாக இருந்தால் சொல்லிப் பாருங்கள்; ‘மாப்பிள்ளைக்கு ஒரே தங்கை’ என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள மதிப்பு அவருக்கும் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தெரிந்த டாக்டர் மாமாவை விட்டு நிர்வாகத்தில் சிபாரிசு சொல்ல வைப்பது. லீவு கிடைக்கும், ஆனால் மேலிடத்திலிருந்து வந்த அந்தப் போனை வார்டு இன்சார்ஜ் வருடக்கணக்கில் மறக்க மாட்டார். அப்பாவும் கூட வந்து பேச வேண்டாம். வேலை உங்களுடையது, நீங்களே பேசுங்கள்.

மறுப்பு வந்தால் அதோடு விட்டுவிடாமல் இன்னொரு வழியைக் கேளுங்கள்: ‘அப்படியானால் செப்டம்பர் 8 அன்று சேரட்டுமா?’ சேரும் தேதியைத் தள்ளிவைப்பது பல சமயம் லீவு கொடுப்பதைவிட அவர்களுக்கு எளிது. சார்ட்டில் இன்னும் உங்கள் பெயரே ஏறவில்லை அல்லவா? ஆனால் மதுரையில் ராஜினாமா கொடுத்துவிட்டீர்களா, நோட்டீஸ் காலம் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஜூலையோடு அங்கே முடிந்துவிட்டால் ஒரு மாதச் சம்பளம் போகும். கல்யாண வீட்டில் அது சிறு தொகை அல்ல. இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை என்றால், சென்னையிலிருந்து எழுத்தில் பதில் வரும் வரை கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு வாங்கி வந்துவிடுங்கள். பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள் இன்னமும் இருக்கின்றன. சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருந்தால் எதையும் துணிந்து கேட்க முடியாது.

சம்மதம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பெண்கள் இங்கே நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஏமாறும் இடமும் இதுதான். ஹெச்.ஆர். கொடுத்த சம்மதம் அவர்கள் கோப்பில் இருக்கும். டூட்டி சார்ட் வார்டில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சில மாடிகளும் பல வேலைகளும் இருக்கின்றன. நான் பொறுப்பில் இருந்தபோதே, ‘ஹெச்.ஆரில் அப்போதே சொன்னார்களே சிஸ்டர்’ என்று கண் கலங்கியவர்கள் உண்டு. எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகையால் ஐ.சி.யூ.வில் கால் வைக்கும் முதல் நாளே, ஹேண்டோவர் பரபரப்பு அடங்கிய பிறகு, வார்டு இன்சார்ஜிடம் அந்த மின்னஞ்சலின் பிரதியைக் கொடுங்கள். ‘சிஸ்டர், இது சேரும் முன்பே உறுதியானது, சார்ட் போடும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுங்கள். அவர் சார்ட் எந்தக் கிழமை போடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, செப்டம்பர் சார்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் ஒரு முறை நினைவூட்டுங்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். அதே வாரத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் வீட்டிலாவது விசேஷம் இருக்கும். கேரளத்துச் சிஸ்டர்கள் இருந்தால் ஓணத்துக்கும் கேட்பார்கள். அப்போது உங்கள் தாள் முதலில் அங்கே இருக்க வேண்டும்.

உங்களுக்குப் பதிலாக நிற்கப்போகிற சிஸ்டர் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் வார்டுகளில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சிஸ்டர்கள் தீபாவளி டூட்டியை வாங்கிக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். கிறிஸ்துமஸ் இரவு அந்த மற்றவர்கள் வந்து நிற்பார்கள். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான் இத்தனை ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் தீபாவளியிலோ பொங்கலிலோ ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துவிட முடிந்தது. நீங்களும் முதல் மாதத்திலேயே அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள். ‘எனக்காக நின்றீர்கள், உங்களுக்கு எந்த நாள் வேண்டுமோ சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கேட்டபடி நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. திரும்பும் நாளைச் சரியாக வையுங்கள். கல்யாண அலைச்சலோடு இரவெல்லாம் பயணம் செய்து, காலையில் இறங்கி நேரே ஐ.சி.யூ.வுக்குப் போகக் கூடாது. தூக்கமில்லாத கண்ணோடு ஊசி மருந்தின் அளவைப் பார்ப்பது ஆபத்து. செப்டம்பர் 6 இரவு பொதிகை ரயிலில் ஏறினால் 7 காலை சென்னை. அன்று முழுதும் தூங்கிவிட்டு 8 காலை டூட்டிக்குப் போகலாம். முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது, முகூர்த்த வாரம் என்றால் சீக்கிரம் நிரம்பிவிடும். மின்னஞ்சலை அனுப்பிய கையோடு அந்த டிக்கெட்டைப் பாருங்கள்.

அண்ணனுக்கும் வரப்போகும் அண்ணிக்கும் என் வாழ்த்துகள். மருத்துவமனையிலிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், சிஸ்டர்.